இனம் வேறு, பாலினம் வேறு என்று பிரித்துப் பார்க்கலாமா?

கேள்வி: அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், விசாவில் வந்து பணிபுரிகிறேன். என் பிரிவில் உள்ள கறுப்பினப் பெண் ஒருவருக்கு இரண்டு முறை பதவி உயர்வு மறுக்கப்பட்டது. காரணம் கேட்டவரிடம், “கறுப்பின ஆணுக்கும் கொடுத்திருக்கிறோம், வெள்ளையினப் பெண்ணுக்கும் கொடுத்திருக்கிறோம், இதில் பாகுபாடு எங்கே?” என்றது மனிதவளப் பிரிவு. அவர் என்ன செய்யலாம்? நான் சாட்சி சொன்னால் என் வேலைக்கு ஆபத்து வருமா?

பதில்: மனிதவளப் பிரிவு சொன்ன அந்த விளக்கம் உங்கள் ஊரிலேயே செல்லாமல் போய் நெடுங்காலமாகிறது. ஹூஸ்டன் அமைந்துள்ள ஹாரிஸ் கவுண்டியில் எழுந்த ஜெஃப்ரீஸ் வழக்கில், கறுப்பின ஆண்களையும் பிற இனப் பெண்களையும் ஒரு நிறுவனம் பாகுபாடின்றி நடத்தியிருந்தாலும், கறுப்பினப் பெண்களுக்கு மட்டும் அநீதி இழைத்திருக்க முடியும் என்று டெக்சாஸ் மாநிலத்தையும் உள்ளடக்கிய ஐந்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 1980-இல் கூறியது.

அதற்கு முன் நிலைமை வேறாக இருந்தது. செயின்ட் லூயிஸில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு எதிராக எம்மா டிகிராஃபென்ரீட் உள்ளிட்ட ஐந்து கறுப்பினப் பெண்கள் வழக்குத் தொடுத்தனர். 1964-க்கு முன் அந்த நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கே எடுக்கவில்லை. பின்னர் பொருளாதார மந்தத்தின்போது, கடைசியில் சேர்ந்தவர்களை முதலில் நீக்கும் பணிமூப்பு விதியால், தாமதமாகவே உள்ளே விடப்பட்ட அவர்கள் வேலையை இழந்தனர். ஆனால் 1976-இல் மாவட்ட நீதிமன்றம், பெண்களை வேலைக்கு எடுத்திருப்பதால் பாலினப் பாகுபாடு இல்லை என்றும், இனம், பாலினம் இரண்டையும் சேர்த்துப் புதியதொரு வழக்குக் காரணத்தை உருவாக்க இயலாது என்றும் சொல்லிவிட்டது. அலுவலகத்தில் இருந்த வெள்ளையினப் பெண்களைக் காட்டி இவர்களுடைய இழப்பை மறைத்த அத்தீர்ப்பை இன்று படித்தாலும் மனம் பொறுக்கவில்லை. சட்ட அறிஞர் கிம்பெர்லே கிரென்ஷா 1989-இல் இந்த நிலையை நாற்சந்தி விபத்தோடு ஒப்பிட்டார். இனம், பாலினம் என்ற பாதைகள் சந்திக்கும் இடத்தில் நிற்பவர் கறுப்பினப் பெண்: மோதிய வண்டி எந்தத் திசையிலிருந்தும் வந்திருக்கலாம், எல்லாத் திசைகளிலிருந்தும் வந்திருக்கலாம்.

உங்கள் தோழி கூட்டாட்சி அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் (EEOC) புகார் அளிக்கலாம். நிறுவனத்தில் குறைந்தது 15 ஊழியர்கள் இருக்க வேண்டும். படிவத்தில் இனம், பாலினம் ஆகிய இரண்டு கட்டங்களையும் குறிப்பதோடு, விவரப் பகுதியில் “கறுப்பினப் பெண் என்பதால்” என்றே எழுத வேண்டும், ஏனெனில் புகாரில் சொல்லாததைப் பின்னர் வழக்கில் சேர்ப்பது கடினம். பதவி உயர்வு பெற்றவர்களின் தகுதி, அனுபவம், தேதிகள் ஆகியவற்றையும், மேலே கண்ட பதில் மின்னஞ்சலில் வந்திருந்தால் அதையும் பாதுகாத்து வைக்கட்டும். டெக்சாஸில் ஆணையத்துக்கான காலக்கெடு 300 நாட்கள். மாநில அமைப்புக்கு 180 நாட்களே என்பதால் அதற்குள் முடிப்பது நல்லது. ஒவ்வொரு மறுப்புக்கும் கணக்கு தனித்தனியே தொடங்கும். நிறுவனத்துக்குள் முறையிட்டுக் காத்திருப்பதால் காலக்கெடு நிற்காது. பலர் ஏமாறுவது இங்கேதான்.

சாட்சி சொன்னதற்காக உங்களைப் பழிவாங்குவதும், வேலையில் பாகுபாட்டைத் தடைசெய்யும் அதே 1964 குடிமை உரிமைகள் சட்டத்தின்படி சட்டவிரோதமே. விசாவில் இருப்பவருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. நிறுவனத்தின் உள்விசாரணையில் கேட்டதற்குப் பதில் சொன்னவருக்கும் இது பொருந்தும் என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் பழிவாங்கல் நடக்கவே நடக்காது என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். நீங்கள் நேரில் கண்டதையும் கேட்டதையும் தேதியிட்டு இன்றே எழுதி, அலுவலகக் கணினியில் அல்லாமல் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். சாட்சி சொல்வதற்கு முன் வேலைவாய்ப்புச் சட்டம் அறிந்த வழக்கறிஞர் ஒருவரை இருவரும் தனித்தனியே பாருங்கள்.