டயர்டா, எக்ஸாஸ்டடா, ஃபடீக்கா? களைப்பை ஆங்கிலத்தில் சொல்வது எப்படி

கேள்வி: வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு தினமும் மின்னஞ்சலில் பேசும் வேலை எனக்கு. இரண்டு நாள் இரவு பகலாக வேலை பார்த்துவிட்டு, ‘ஐ ஆம் டயர்ட் ஆஃப் திஸ் ப்ராஜெக்ட், வில் கன்டின்யூ டுமாரோ’ என்று எழுதினேன். “இதிலிருந்து விலக நினைக்கிறீர்களா?” என்று பதில் வந்துவிட்டது. என்ன தவறு செய்தேன்? எக்ஸாஸ்டட், ஃபடீக், பர்ன் அவுட் என்று வேறு சொற்களும் கிடக்கின்றனவே, எதை எங்கே சொல்வது?

பதில்: ‘டயர்ட்’ என்ற சொல்லில் தவறில்லை. அதன் வாலில் நீங்கள் கட்டிய ‘ஆஃப்’தான் வம்பு செய்தது. ‘டயர்ட் ஆஃப்’ என்றால் சலித்துவிட்டது, போதும்போதும் என்றாகிவிட்டது என்று பொருள். உடம்புக் களைப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எட்டு மணி நேரம் நன்றாகத் தூங்கி எழுந்தவரும் தாராளமாகச் சொல்லலாம். வேலை பார்த்ததால் வந்த அசதி என்றால் ‘டயர்ட் ஃப்ரம்’ அல்லது ‘டயர்ட் ஆஃப்டர்’. நம் ‘அலுப்பு’ம் இப்படித்தான் இரண்டு பக்கமும் ஆடும். “வேலை செஞ்சு அலுப்பா இருக்கு” என்பது உடம்பு. “இந்த வேலையே அலுத்துப் போச்சு” என்பது மனசு. தமிழில் வாக்கிய அமைப்பே வித்தியாசத்தைக் காட்டிவிடுகிறது, ஆங்கிலத்தில் அந்தச் சின்னச் சொல்தான் காட்ட வேண்டும். ‘சிக் அண்ட் டயர்ட் ஆஃப்’ என்று யாராவது சொன்னால் நோயும் இல்லை, களைப்பும் இல்லை, கோபம் மட்டும்தான்.

‘டயர்ட்’ சொல்லும்போது இன்னும் சில இடங்களில் கால் இடறும். ‘ஐ ஆம் டயரிங்’ என்றால், கேட்பவருக்கு நீங்கள் மற்றவர்களைக் களைப்படையச் செய்கிற ஆள் என்று படலாம். களைக்க வைக்கும் வேலை, பயணம், ஆள் எல்லாம் ‘டயரிங்’. களைத்துப் போனவர் ‘டயர்ட்’. ‘சோ மச் டயர்ட்’ என்பது இலக்கணப் பிழை. ‘சோ டயர்ட்’ போதும். ‘டூ டயர்ட்’ என்பதை நாம் ‘ரொம்ப’ என்ற பொருளில் சொல்கிறோம். ஆங்கிலக் காதுக்கு அது பாதி வாக்கியம்: இன்னதைச் செய்ய முடியாத அளவுக்குக் களைப்பு. ‘டூ டயர்ட் டு டிரைவ்’ என்று முடித்தால்தான் நிறைவாக இருக்கும், அல்லது எதைச் செய்ய முடியாது என்பது பேச்சிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது ‘எக்ஸாஸ்டட்’. எக்ஸாஸ்ட் ஃபேன் அறையின் காற்றை வெளியே இழுத்துத் தள்ளுகிறதல்லவா, அதே வேர்தான். உள்ளே இருப்பதையெல்லாம் இறைத்து வெளியேற்றுவது என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. அதனால்தான் பணம், கையிருப்பு, விடுப்பு தீர்ந்துபோவதற்கும் இதே சொல்: ‘ஐ ஹாவ் எக்ஸாஸ்டட் மை லீவ்’ சரியான வாக்கியம். மனிதர் மேல் வைத்தால், துளி பலம்கூட மிச்சமில்லை என்று அர்த்தம். ஏற்கெனவே உச்சத்தில் இருக்கும் சொல் என்பதால் ‘வெரி’ இதோடு அவ்வளவாக ஒட்டாது. பேச்சில் கேட்கும், எழுதும்போது ‘கம்ப்ளீட்லி’ அல்லது ‘அப்ஸல்யூட்லி’ வையுங்கள். களைக்க வைக்கும் நாள் ‘எக்ஸாஸ்டிங்’. ‘எக்ஸாஸ்டிவ்’ என்பது வேறு. ஒன்றையும் விடாத முழுமையான பட்டியலையோ ஆய்வையோ சொல்வது. ‘எக்ஸாஸ்டிவ் மீட்டிங்’ என்று எழுதினால், எல்லா விஷயத்தையும் அலசிய கூட்டம் என்று பாராட்டியதாக ஆகிவிடும். உச்சரிப்பில் நடுவே உள்ள ஹெச் ஒலிக்காது.

‘ஃபடீக்’ அன்றாடப் பேச்சுச் சொல் அல்ல. மருத்துவமும் பொறியியலும் வைத்திருக்கும் சொல். அழுத்தம் ‘டீக்’ மேல் விழும், ‘ஃபேட்டிக்’ அல்ல. பொறியாளர்கள் சொல்லும் ‘மெட்டல் ஃபடீக்’ இதன் உட்பொருளைக் காட்டிக்கொடுக்கும்: ஒரு தடவை சுமத்தினால் தாங்கக்கூடிய பாரத்தையே திரும்பத் திரும்பச் சுமத்தும்போது உலோகத்தில் விரிசல் விழுவது. ‘டிசிஷன் ஃபடீக்’, ‘கம்பாஷன் ஃபடீக்’ எல்லாமே அந்த வழிதான். முடிவெடுத்து முடிவெடுத்து, அல்லது பிறர் துயரைக் கேட்டுக் கேட்டு, தேய்ந்துபோவது. ஒரு நாள் அசதிக்கு ‘ஐ ஹாவ் ஃபடீக்’ என்று எழுதினால் நோயறிகுறி சொல்வது போல இருக்கும்.

மருத்துவரிடம் ஆங்கிலத்தில் பேசும்போது சொல் தவறினால் விஷயம் பெரிது. நாம் எல்லாவற்றையும் ‘வீக்னஸ்’ என்ற ஒரே பையில் போட்டுவிடுகிறோம். மருத்துவத்தில் ‘வீக்னஸ்’ என்றால் தசையில் பலம் குறைவது: கையைத் தூக்க முடியவில்லை, பிடி நிற்கவில்லை, நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. திடீரென்று உடம்பின் ஒரு பக்கம் மட்டும் அப்படி ஆனால் அது பக்கவாதத்தின் அறிகுறி. உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். பலம் இருக்கிறது, ஆனால் எதற்கும் தெம்பில்லை என்றால் ‘ஃபடீக்’ அல்லது வெறும் ‘டயர்ட்’. கண் சொருகுகிறது என்றால் ‘ஸ்லீப்பி’ அல்லது ‘ட்ரௌசி’. மாத்திரைப் பெட்டியில் வண்டி ஓட்ட வேண்டாம் என்ற எச்சரிக்கையோடு வரும் சொல் இதுதான். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றால் ‘ப்ரெத்லெஸ்’. அதைக் களைப்புக் கணக்கில் எழுதக் கூடாது. குழந்தையைப் பற்றிச் சொல்லும்போது ‘லெதார்ஜிக்’ என்ற சொல்லில் கவனம் வேண்டும். எழுப்பினாலும் சரியாக எழாத, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத நிலையைத்தான் மருத்துவர்கள் பெரும்பாலும் அதில் கேட்பார்கள். விளையாடி ஓய்ந்து படுத்திருக்கும் பிள்ளைக்கு ‘டயர்ட்’ போதும். எந்தச் சொல்லைத் தேர்ந்தாலும் கூடவே மூன்று விஷயம் சொல்லுங்கள்: எப்போதிலிருந்து, தூங்கி எழுந்தால் தீர்கிறதா, முன்பு முடிந்த எந்த வேலை இப்போது முடியவில்லை. பெயரைவிட இந்த மூன்றும்தான் அவருக்கு அதிகம் உதவும்.

‘பர்ன் அவுட்’ இப்போது தொட்டதற்கெல்லாம் புழங்குகிறது. வேலைச் சூழலில் இதை 1974-இல் ஒரு கட்டுரையில் எழுதியவர் உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர். உலகச் சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பகுப்பின் 11-ஆம் பதிப்பில் (2019-இல் ஏற்கப்பட்டது, 2022-இல் நடைமுறைக்கு வந்தது) இதை நோயாக அல்ல, வேலை சார்ந்த ஒரு நிலையாகத்தான் வைத்திருக்கிறது. சமாளிக்கப்படாமல் நீடித்த வேலை நெருக்கடியால் வருவது. சக்தி வற்றுவது, வேலையின் மேல் விலகலோ வெறுப்போ வருவது, திறன் குறைந்துவிட்டதாக உணர்வது என்று மூன்று கூறுகள். ஆகவே, இரண்டு இரவு விழித்ததற்கு ‘பர்ன்ட் அவுட்’ என்று மேலாளருக்கு எழுதாதீர்கள். அது கனமான புகார். உண்மையாகவே அந்த நிலை வரும் நாளில் சொல்வதற்கு மிச்சம் வையுங்கள். மனசு மட்டும் வற்றிப்போன நாளுக்கு, வடிகாலைச் சொல்லும் ‘ட்ரெயினேஜ்’ வேரில் பிறந்த ‘ட்ரெயின்ட்’ இருக்கிறது.

கொச்சைச் சொற்களை அறிந்து வைத்திருங்கள், அவசரப்பட்டு எடுத்தாள வேண்டாம். அடியோடு களைத்துப்போனதைச் சொல்லும் ‘நேக்கர்ட்’ பிரிட்டனில் நண்பர்களுக்குள் சகஜம். வேலைக்கு உதவாத கிழட்டுக் குதிரைகளை வாங்கி வெட்டும் ஆளுக்கு ‘நேக்கர்’ என்று பெயர். அலுவலகக் கடிதத்துக்கு ஆகாது. ‘ஷாட்டர்ட்’ பிரிட்டிஷ்காரருக்குக் கடும் களைப்பு, அமெரிக்கருக்கு மனம் நொறுங்கிப்போன நிலை. அமெரிக்கர் ‘ஐ ஆம் பீட்’ என்பார். இலக்கணம் திருத்துவதாக நினைத்து ‘பீட்டன்’ என்றால் தோற்றுவிட்டேன், அடிவாங்கினேன் என்றாகும். ‘ஜேடட்’ பெரும்பாலும் உடம்பைச் சொல்வதில்லை, அளவுக்கு மீறி அனுபவித்துச் சுவை செத்துப்போனதைத்தான். ‘வியரி’ கொஞ்சம் எழுத்து நடை. ஓர் எழுத்து விட்டால் ‘வேரி’ ஆகி, எச்சரிக்கையாக இருப்பவர் என்று பொருள் மாறும். ‘வியரி ஆஃப்’ என்றால் சலிப்பு, ‘வேரி ஆஃப்’ என்றால் சந்தேகம். இரண்டுமே வாடிக்கையாளரிடம் சொல்லத்தக்கவை அல்ல.

உங்கள் மின்னஞ்சலுக்கு வருவோம். வேலை நாளை தொடரும் என்பதுதான் செய்தி என்றால் களைப்பைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை: ‘ஐ வில் பிக் திஸ் அப் டுமாரோ மார்னிங்’. நேரம் குறிப்பிட்டால் இன்னும் நல்லது. இப்போது நேர்ந்த குழப்பத்தைத் தீர்க்க ஒரு வரி எழுதுங்கள்: ‘சாரி, ஐ மென்ட் ஐ வாஸ் டயர்ட் ஆஃப்டர் டூ லாங் டேஸ், நாட் டயர்ட் ஆஃப் த ப்ராஜெக்ட்’.