கேள்வி - பதில்: சிரிக்காத லினோ வெந்தூரா

கேள்வி: பிரெஞ்சு க்ரைம் படம் என்றால் ஆஹா ஓஹோ என்கிறீர்கள். நான் பார்த்ததில் நகைக்கடையைக் கொள்ளையடிக்கும் அரை மணி நேரம் யாரும் வாயே திறக்கவில்லை. என்ன ரசனை இது?

நீங்கள் பார்த்தது 1955-இல் வந்த 'ரிஃபிஃபி'யாகத்தான் இருக்க வேண்டும். முதல்முறை பார்த்தபோது, சத்தம் போய்விட்டது என்று எழுந்து போய் வால்யூமைத் திருகியவன் நான். உங்கள் கோபம் புரிகிறது.

பாரிஸில் நாலு பேர், மேல்வீட்டுத் தரையை உடைத்துக் கடைக்குள் இறங்கப் பார்க்கிறார்கள். கீழே இருக்கும் அலாரம் சின்ன அதிர்வுக்கே அலறும். முதலில் சிறிதாக ஓர் ஓட்டை. அதன் வழியே ஒரு குடையை விட்டு உள்ளே விரிக்கிறார்கள். பெயர்கிற காரையெல்லாம் குடைக்குள் விழும், கீழே சிந்தாது. அந்த நேரத்தில் ஒருவன் 'ஜாக்கிரதை' என்று சொல்லியிருந்தால்கூட நமக்கு மூச்சு வந்திருக்கும்! இசையமைப்பாளர் ஜார்ஜ் ஓரிக் இந்தக் காட்சிக்கு இசை எழுதியே விட்டார். இயக்குநர் ஜூல்ஸ் டாசின் இசையோடும் இசை இல்லாமலும் போட்டுக் காட்ட, வேண்டாம் என்று ஓரிக்கே சொல்லிவிட்டாராம். பெட்டகம் திறக்கும் இத்தாலியனாக வருவதும் டாசின்தான், வேறு பெயரில். இன்னொரு தடவை பாருங்கள், வால்யூமைத் தொடாமல்.

கேள்வி: சரி, அவர்களுடைய காமெடியில் மட்டும் ஏன் ஓயாமல் பேசுகிறார்கள்?

ஒருவன்தான் பேசுவான். இன்னொருவன் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பான். சிரிப்பு அவன் முகத்தில் இருக்கிறது.

'லெமெர்தர்' (1973) பாருங்கள். தலைப்பை 'உயிரை வாங்குகிறவன்' என்று வைத்துக்கொள்ளலாம், பிரெஞ்சில் இன்னும் கொஞ்சம் காரம். நீதிமன்றத்துக்கு வரும் சாட்சியை ஹோட்டல் ஜன்னலிலிருந்து சுட வந்த கூலிக் கொலையாளி லினோ வெந்தூரா. பக்கத்து அறையில், மனைவி விட்டுப்போன துக்கத்தில் தூக்குப் போட்டுக்கொள்ளும் ஆசாமியாக ஜாக் ப்ரெல், நிஜத்தில் பாடகர். குழாய் பெயர்ந்து தண்ணீர் கொட்டுகிறது, ஆள் சாகவில்லை. போலீஸ் வந்துவிடக் கூடாதே என்று கொலையாளியே அவனுக்குக் காவல் இருக்க வேண்டியதாகிறது. வெந்தூரா மல்யுத்த வீரராக இருந்தவர், க்ரைம் படங்களில் முரடனாகவே பழகிய முகம். இதிலும் அதே முகம்தான், ஒரு சுருக்கம்கூட மாற்றவில்லை. எழுதியவர் ஃபிரான்சிஸ் வெபர். அவருடைய மற்றப் படங்களைப் பற்றி இன்னொரு வாரம்.

கேள்வி: காமெடி நடிகர் போலீஸ் வேடம் போட்டால் எடுபடுமா?

பிரெஞ்சு காமெடி நடிகர் பூர்வில் போட்டார். 1966-இல் இன்னொரு காமெடி நடிகர் லூயி த ஃபுனேஸோடு அவர் நடித்த 'லா க்ராந்த் வாத்ரூய்' பிரான்ஸில் 1 கோடியே 70 லட்சம் டிக்கெட்டுக்கு மேல் விற்றது. 2008 வரை வேறு எந்த பிரெஞ்சுப் படமும் அதைத் தாண்டவில்லை. அப்பேர்ப்பட்டவரை இயக்குநர் மெல்வில் 1970-இல் 'லெ செர்க்ல் ரூஜ்' என்ற க்ரைம் படத்தில் போலீஸ் அதிகாரியாக்கினார். எதிரே திருடனாக அலென் தெலோன். சிரிக்கத் தயாராக உட்கார்ந்திருந்தேன். மனிதர் வீட்டுக்கு வருகிறார், தனியாள், பூனைகளுக்குச் சாப்பாடு வைக்கிறார். சிரிப்பு வரவில்லை. அப்போதே அவருக்கு உடம்பு மோசம். அக்டோபரில் படம் வெளிவந்தபோது அவர் இல்லை.