ஃபோர்ஃபிட் ஆன ஆட்டம் பையனின் டிரான்ஸ்கிரிப்டில் ஏறுமா?

டெக்சாஸிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகன் பதினோராம் வகுப்பு, பள்ளி ஃபுட்பால் அணியில் லைன்பேக்கர், அதாவது எதிரணியைத் தடுக்கும் ஆட்டக்காரன். (ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு: இது காலால் உதைக்கும் கால்பந்து இல்லை, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மோதும் அமெரிக்க ஆட்டம்.) செப்டம்பரில் ஓர் ஆட்டம் இடி மின்னலால் ரத்தாகிவிட்டது. அக்டோபரில் ஜெயித்த ஆட்டம் ஒன்றை, மூன்று வாரம் கழித்து ‘ஃபோர்ஃபிட்’ என்று சொல்லித் தோல்விக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். அணியில் வேறொரு பையன் ஒரு பாடத்தில் ஃபெயிலாகி, ஆடத் தகுதி இல்லாத நேரத்தில் ஆடியிருக்கிறான். “7–2 (ஏழு வெற்றி, இரண்டு தோல்வி) என்று இருந்தது 6–3 ஆகிவிட்டது. காலேஜ் கோச் பார்த்தால் என்ன நினைப்பார்? இவன் ரெக்கார்டில் இது நிற்குமா?” என்று கேட்கிறார். பெயர் போடாமல் பதில் எழுதச் சம்மதித்தார்.

அம்மா, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். டிரான்ஸ்கிரிப்டில் ஏறாது. அதில் இருப்பது பாடம், மதிப்பெண், கிரெடிட். அணி ஜெயித்ததா, தோற்றதா என்று எழுத அதில் இடமே கிடையாது.

உங்கள் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். நம் ஊரில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட் வாங்க, எந்தப் போட்டியில் எத்தனையாவது இடம் என்ற சான்றிதழ்தான் பேசும். அணியின் இடம் பறிபோனால் பையனின் சீட்டே போகலாம். அமெரிக்காவில் காலேஜ் கோச் சான்றிதழ் ஃபைலைப் புரட்டி ஆள் எடுப்பதில்லை, பையன் ஆடும் வீடியோவைத்தான் பார்ப்பார். தோற்றுக்கொண்டே இருக்கும் அணியிலிருந்தும் பையன்களைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள்.

சரி, அந்த 6–3 என்னதான் என்று பார்த்துவிடுவோம். மின்னலால் நின்ற ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கடைசி இடி கேட்டதிலிருந்து 30 நிமிடம் காத்திருக்க வேண்டும், இடையில் இன்னொரு இடி இடித்தால் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடும். இரவு பதினொரு மணிக்கு மேல் எல்லோரும் களைத்துப்போய் வீட்டுக்குக் கிளம்பியிருப்பார்கள். வேறு நாளில் வைக்கவில்லை என்றால் அது நடக்காத ஆட்டம். வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. அதனால்தான் பத்து ஆட்டப் பருவத்தில் உங்கள் அணிக்கு ஒன்பதுதான் கணக்கு.

ஃபோர்ஃபிட் வேறு. கபடிப் போட்டியில் எதிரணி வராவிட்டால் ‘வாக்கோவர்’ கொடுப்பார்களே, ஏறக்குறைய அதுதான். ஃபுட்பால் விதிநூல்படி ஃபோர்ஃபிட் ஆட்டத்தின் ஸ்கோர் 1–0. ஃபுட்பாலில் ஒரு அணி ஒரே ஒரு புள்ளியோடு ஆட்டத்தை முடிப்பதை வேறெங்கும் பார்க்க மாட்டீர்கள், ஆகவே பட்டியலில் 1–0 கண்ணில் பட்டால் என்ன நடந்தது என்று விசாரிக்கவே வேண்டாம். பாதி ஆட்டத்தில் ஒரு அணி விலகி, அந்த நேரத்தில் எதிரணி முன்னிலையில் இருந்தால் மட்டும் இருக்கும் ஸ்கோர் அப்படியே நிற்கும்.

உங்கள் விஷயம் மூன்றாவது வகை. ஆட்டம் முழுசாக நடந்தது, ஸ்கோர்போர்டில் உங்கள் பள்ளிதான் ஜெயித்தது, பிறகு தகுதியில்லாத ஆள் ஆடியது தெரிந்து வெற்றியை எடுத்து எதிரணியிடம் கொடுத்துவிட்டார்கள். மாறுவது அணியின் வெற்றி தோல்விக் கணக்கு. அன்றைக்கு உங்கள் மகன் போட்ட டாக்கிள்கள் (பந்தோடு ஓடுபவரை மடக்கி வீழ்த்துவது) நடந்தவைதான், வீடியோவும் அப்படியே இருக்கிறது. இதில் உண்மையான அடி பிளே-ஆஃபில், அதாவது பருவம் முடிந்தபின் வரும் நாக்-அவுட் சுற்றில் விழும். டெக்சாஸில் ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டிலிருந்தும் (போட்டிக்காகப் பள்ளிகளைப் பிரித்து வைத்த குழு) நான்கு அணிகள் மேலே போகும், அதற்கு டிஸ்ட்ரிக்ட் ஆட்டங்களைத்தான் எண்ணுவார்கள். ஃபோர்ஃபிட் ஆனது டிஸ்ட்ரிக்ட் ஆட்டம் என்றால் உங்கள் கையிலிருந்து ஒன்று போய், நேர் போட்டியாளர் கையில் ஒன்று ஏறும். சமநிலை வந்தால் எப்படிப் பிரிப்பது என்பதை டிஸ்ட்ரிக்ட் குழு பருவம் தொடங்கும் முன்பே எழுதி வைத்திருக்கும். கோச்சிடம் கேட்டால் காட்டுவார்.

பிளே-ஆஃப் வாய்ப்பு பறிபோனால் பையனுக்கு என்ன நஷ்டம்? கோப்பையை விட, ஆடும் வாய்ப்பு. 2016-இல் வாஷிங்டன் மாநிலம் எவரெட்டில் ஆர்ச்பிஷப் மர்ஃபி என்ற பள்ளியின் வீரர்கள் மிகவும் பெரிய உருவம் என்று சொல்லி, பாதுகாப்பைக் காரணம் காட்டி எதிரணிகள் அடுத்தடுத்து ஃபோர்ஃபிட் செய்தன. பட்டியலில் வெற்றி ஏறிக்கொண்டே போனது, பையன்களோ வெள்ளிக்கிழமை இரவுகளில் ஆட ஆளில்லாமல் நின்றார்கள். ஆடாத ஆட்டத்தில் டாக்கிள் எண்ணிக்கையும் இல்லை, வீடியோவும் இல்லை. பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புப் பையனுக்கு இந்த நஷ்டம் பெரியது.

வீடியோ என்றதும் பெற்றோர்கள் கல்யாண ஆல்பம் மாதிரி பத்து நிமிடத்துக்குப் பாட்டெல்லாம் சேர்த்துச் செய்துவிடுகிறார்கள். ஒரு பையன் தன் வீடியோவை என் மேஜையில் வைத்துக் காட்டினான். முதல் நாற்பது விநாடி அவன் பெயர், புகை, பின்னணி இசை. அதற்குப் பிறகுதான் முதல் பிளே (பந்து நகர்வதிலிருந்து விசில் வரை ஒரு துண்டு ஆட்டம்), அதிலும் இருபத்திரண்டு பேரில் அவன் யார் என்று நான் கண்டுபிடிப்பதற்குள் விசில் ஊதிவிட்டது. அதை ஹட்ல் என்ற விளையாட்டு வீடியோ தளத்தில் மறுபடி வெட்டினோம்: பந்து நகரும் முன் அவன் தலைமேல் ஒரு அம்புக்குறி, சிறந்த ஐந்து பிளே முதலில், மொத்தம் மூன்று நிமிடத்துக்குள். உங்கள் மகனின் ஃபோர்ஃபிட் ஆன ஆட்டத்தில் நல்ல பிளே இருந்தால் தாராளமாகச் சேர்க்கட்டும். அதில் ஒளிக்க எதுவும் இல்லை.

ஒளிக்கக் கூடாத இடம் ஒன்று இருக்கிறது. பல காலேஜ்களுக்கும் பொதுவான ‘காமன் ஆப்’ விண்ணப்பத்தில், படிப்புக்கு வெளியே செய்த செயல்பாடுகளுக்குப் பத்து இடம், ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்து. அங்கே ‘7–2’ என்று எழுத வேண்டாம். மாநிலக் கணக்கு 6–3 என்றால் 6–3. அல்லது அணிக் கணக்கையே விட்டுவிட்டு, எத்தனை ஆட்டம் ஸ்டார்ட் செய்தான் (தொடக்கத்திலேயே களத்தில் இறங்கினான்), கோடையில் சின்னப் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்தானா என்று எழுதலாம். நானாக இருந்தால் இரண்டாவதைத்தான் செய்வேன். பறிக்கப்பட்ட டிஸ்ட்ரிக்ட் பட்டம் இருந்தால் அதைப் போடவே கூடாது.

இனி நான் கவலைப்படச் சொல்லும் விஷயம். அந்த இன்னொரு பையன் ஃபெயிலானது எல்லோருக்கும் நடக்கக் கூடியது. டெக்சாஸில் ‘நோ பாஸ், நோ ப்ளே’ 1984-லிருந்து சட்டம். ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே போனால் குறைந்தது மூன்று வாரம் ஆட முடியாது. ஏபி (காலேஜ் தரப் பாடம்) போன்ற சில கடினமான வகுப்புகளுக்கு விலக்கு உண்டு. எதற்கெல்லாம் விலக்கு என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும், பட்டியலைக் கேட்டு வாங்கி வையுங்கள். நம் பெற்றோர்கள் கால்குலஸைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்ப்பார்கள், ஆர்ட் வகுப்பில் 68 வந்ததைக் கவனிக்க மாட்டார்கள்.

மேல்மட்டமான டிவிஷன் ஒன் காலேஜில் ஆட வேண்டுமென்றால், காலேஜ் விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏ பார்ப்பதும் பாடத்தைத்தான்: 16 கோர் (அடிப்படை) பாடங்கள், அவற்றில் ஜிபிஏ, அதாவது நான்குக்கு எத்தனை என்ற சராசரி, 2.3. அந்த 16-இல் 10 பாடங்களைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன் முடித்திருக்க வேண்டும், அந்தப் பத்தில் ஏழு ஆங்கிலம், கணக்கு, அறிவியலாக இருக்க வேண்டும். உங்கள் மகன் பதினொன்றில் இருப்பதால் அந்தக் கெடு அடுத்த கோடையோடு முடிகிறது. இந்த வாரமே கவுன்சிலரிடம் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள்.

கடிதத்தின் கடைசி வரியில் போகிற போக்கில் சின்னவனைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், கோவையிலிருந்து வந்தபோது வகுப்பு இறக்கிச் சேர்த்ததாக. என்னைக் கேட்டால் 6–3 விவகாரத்தைவிட இது பெரிது. டெக்சாஸ் பள்ளி விளையாட்டில் செப்டம்பர் 1 அன்று 19 வயது ஆகியிருந்தால் அந்த வருடம் ஆட முடியாது. ஒரு வகுப்பு இறங்கியிருந்தால் பெரும்பாலும் தப்பிவிடுவான், இரண்டு என்றால் பன்னிரண்டாம் வகுப்பில் உட்கார வேண்டியதுதான். ஒன்பதாம் வகுப்பில் முதன்முதலில் சேர்ந்ததிலிருந்து நான்கு வருடம் என்ற கணக்கும் தனியாக ஓடுகிறது. கோவையில் ஒன்பது முடித்துவிட்டு இங்கே மறுபடி ஒன்பதில் சேர்ந்திருந்தால் பள்ளியின் விளையாட்டு இயக்குநரிடம் இப்போதே சொல்லி, பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள். தெரியாமல் ஆடினான் என்று பிறகு சொல்லிப் பயனில்லை, அப்போது ஃபோர்ஃபிட் ஆவது அணியின் ஆட்டம். அந்த ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வெளிநாட்டில் படித்த பிள்ளைகளிடம் ஒன்பதிலிருந்து என்சிஏஏ கேட்கும்.

அப்புறம், காலேஜ் கோச்சுக்கு நீங்களோ அப்பாவோ மெயில் எழுத வேண்டாம், பெரியவனே எழுதட்டும். பெயர், பள்ளி, எந்த வருடம் முடிக்கிறான், உயரம், எடை, ஜிபிஏ, வீடியோ லிங்க். ஆறேழு வரி போதும். 6–3 பற்றி அதில் ஒரு சொல்லும் வேண்டாம். கோச் போனில் கேட்டால், “ஒரு ஆட்டம் ஃபோர்ஃபிட் ஆச்சு சார், எங்க டீமில் ஒருத்தருக்கு எலிஜிபிலிட்டி பிரச்சினை” என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளட்டும். அந்தப் பையனின் பெயரைச் சொல்ல வேண்டாம்.