‘வா’ என்றாள் ஒரு சிறுமி

வணக்கம்.

என் மகனுக்கு ஏழு வயது. ஆட்டிசம் என்று மூன்று வயதில் தெரிந்தது. சின்னச் சின்ன வாக்கியங்களாகப் பேசுவான். பூங்காவில் மற்ற குழந்தைகள் ஓடிப்பிடித்து விளையாடும்போது ஓரமாக நின்று பார்ப்பான், இல்லாவிட்டால் பொம்மைக் காரின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருப்பான். ‘நானும் விளையாட வரட்டுமா?’ என்று கேட்க மாதக்கணக்கில் வீட்டில் பழக்கினோம். போன வாரம் அவனே போய்க் கேட்டான். ஒரு சிறுமி ‘வா’ என்றாள். அப்புறம் எல்லோரும் ஓடிவிட்டார்கள், இவன் நின்ற இடத்திலேயே நின்றான். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அவனை வற்புறுத்தியாவது கூட்டத்தில் சேர்க்க வேண்டுமா, அவன் போக்கில் விட்டுவிட வேண்டுமா?

ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

நான் மருத்துவன் இல்லை. என் அக்கா மகனோடு வளர்ந்த அனுபவமும், அவனுக்காகத் தேடிப் படித்ததும்தான் என் கையிருப்பு.

உங்கள் மகன் தன் பங்கைச் செய்துவிட்டான், போய்க் கேட்டான். இடித்தது அதற்கு அடுத்த நொடியில். ஓடிப்பிடித்தல் நமக்கு மிக எளிய விளையாட்டு. ஆனால் அதன் விதிகளை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இப்போது பிடிப்பவர் யார், அது எப்போது மாறியது, ஏன் எல்லோரும் சட்டென்று நின்றார்கள் என எல்லாவற்றையும் ஓட்டத்திலேயே ஊகிக்க வேண்டும். கூடவே கூச்சல், எதிர்பாராமல் முதுகில் விழும் கை. இவனுக்கு அமையக்கூடிய விளையாட்டுகளில் இது கடைசி வரிசையில்தான் வரும்.

ஓரமாக நிற்பதைப் பற்றி அவ்வளவு வருந்தாதீர்கள். மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் பள்ளி செல்லும் வயதுக்கு முந்தைய குழந்தைகள் விளையாடுவதைக் கவனித்து 1932இல் வகைப்படுத்தினார். நின்று வேடிக்கை பார்ப்பதும், பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் விளையாட்டை ஆடுவதும் அதில் தனித்தனி வகைகள். என் அக்கா மகனும் இப்படித்தான் நிற்பான். ஒருநாள் வீட்டுக்கு வந்து யார் யாரை எத்தனை முறை பிடித்தார்கள் என்று வரிசையாக ஒப்பித்தான். எங்களுக்கு வாயடைத்துப்போனது.

இன்னொன்று, பயிற்சியெல்லாம் இவனுக்கு மட்டுமே ஏன்? அமெரிக்காவில் கோனி கசாரியும் அவர் குழுவினரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசம் உள்ள 60 பள்ளிக் குழந்தைகள் இருந்தார்கள். சிலருக்குப் பெரியவர் ஒருவர் தனியாகச் சொல்லிக்கொடுத்தார். வேறு சிலருக்கு, அவர்களோடு எப்படிப் பழகுவது என்று வகுப்புத் தோழர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். தோழர்களுக்குச் சொல்லிக்கொடுத்த வகுப்புகளில்தான் இந்தக் குழந்தைகளுக்கு நட்பு வட்டத்தில் நல்ல இடம் கிடைத்தது. அதே ஆண்டில் டேமியன் மில்டன் என்ற பிரிட்டன் ஆய்வாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர்தான், ‘இரட்டைப் பரிவுச் சிக்கல்’ என்று ஒன்றை எழுதினார். இவர்களுக்கு நம்மைப் புரியவில்லை என்கிறோமே, நமக்கும் இவர்களைப் புரியவில்லை என்பதுதான் அதன் சாரம். இதைப் படித்ததிலிருந்து, ‘கண்ணைப் பார்த்துப் பேசு’ என்று குழந்தையைத் திரும்பத் திரும்பப் படுத்துவதை என்னால் சகிக்க முடிவதில்லை.

அதனால் வற்புறுத்த வேண்டாம். கூட்டத்துக்குள் தள்ளினால் சமாளித்துக்கொண்டு நிற்கக் கற்றுக்கொள்வான், பிறகு வீட்டுக்கு வந்து வெடிப்பான். ஆனால் அப்படியே விட்டுவிடவும் வேண்டாம். கூட்டத்தை ஒரே ஒரு குழந்தையாகக் குறைத்துவிடுங்கள். இடம் உங்கள் வீடு, விளையாட்டு அவனுடைய கார்கள். எப்போது முடியும் என்பது தொடங்கும்போதே இருவருக்கும் தெரிந்திருக்கட்டும். ஒருவர் இல்லாமல் மற்றவர் ஆட முடியாத மாதிரி அமைத்தால் இன்னும் நல்லது: சாய்வுப் பலகையின் மேலிருந்து ஒருவர் காரை விட, கீழே ஒருவர் பிடிக்கலாம். லெகோ கட்டைகளை வைத்து டேனியல் லெகாஃப் என்ற உளவியலாளர் உருவாக்கிய முறையும் கிட்டத்தட்ட இதுதான். ஒருவர் படத்தைப் பார்த்துச் சொல்வார், ஒருவர் கட்டையைத் தேடிக் கொடுப்பார், இன்னொருவர் பொருத்துவார். பேச்சுக்கு அங்கே ஒரு வேலை இருக்கிறது, அதனால் பேச்சு வருகிறது.

வருகிற குழந்தைக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். கேட்டுவிட்டு மனதுக்குள் பத்துவரை எண்ணிக் காத்திரு. வாயால் சொல்வதைவிடச் செய்து காட்டு. அவன் எழுந்து போனால் கோபமில்லை, களைப்பு. இதைச் சொல்லிவிட்டு நீங்கள் சமையலறைக்குப் போய்விடுங்கள். பெரியவர்கள் நடுவில் உட்கார்ந்திருந்தால் இரண்டு குழந்தைகளும் நம்மோடுதான் பேசும்.

முதல் நாள் இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் போகலாம். பரவாயில்லை, மறுபடி கூப்பிடுங்கள்.

‘வா’ என்று சொன்ன அந்தச் சிறுமி யாரென்று நினைவிருக்கிறதா? அவள் வீட்டில் பேசிப்பாருங்கள். ஒரு இருபது நிமிடம் போதும்.

அன்புடன்.