ஐஸ்லாந்துக்குப் போக முன்: வாசகர் கேள்விகள்

கேள்வி: மகளும் மருமகனும் ஒஸ்லோவில் இருக்கிறார்கள். வரும் ஜூனில் நாங்கள் அங்கே போகிறோம், அப்படியே ஐஸ்லாந்துக்கும் கூட்டிப்போகிறார்களாம். ஆறு நாளில் நாட்டையே ஒரு சுற்றுச் சுற்றிவிடலாம் என்கிறார் மருமகன். எனக்கு முழங்கால் வருத்தம். போகலாமா?
(ஒரு வாசகி, கோண்டாவில்)

பதில்: கட்டாயம் போங்கள் அம்மா. அந்த ஒரு சுற்றை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். தீவைச் சுற்றி ஓடும் முதலாம் இலக்க வீதி ஏறக்குறைய 1,320 கிலோமீற்றர். நாளுக்கு 220 தானே என்று கணக்கு இலகுவாகத்தான் தெரியும். ஆனால் ஊர்களுக்கு வெளியே தார் வீதியில் 90 கிலோமீற்றருக்கு மேல் வேகம் போகக்கூடாது, இடையிடையே ஒரு வாகனம் மட்டும் போகக்கூடிய பாலங்கள் வரும், கிழக்குக் கரையில் வீதி ஒவ்வொரு குடாவுக்குள்ளும் புகுந்து வெளியே வரும், போதாக்குறைக்கு ஒவ்வொரு அருவியைக் கண்டதும் இறங்கச் சொல்லும் மனம். முழங்கால் வருத்தத்தோடு ஆறு நாளும் காருக்குள் மடங்கி இருப்பதற்கா இவ்வளவு செலவு?

தெற்குக் கரையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தலைநகர் ரெய்க்யாவிக்கில் இருந்து ஒரு நாள் திங்வெட்லிர், கேசிர், குட்ல்ஃபொஸ் அருவி. திங்வெட்லிரில்தான் 930இல் அந்த நாட்டின் பாராளுமன்றம் திறந்த வெளியில் கூடத் தொடங்கியது. வட அமெரிக்கப் புவித்தட்டும் யூரேசியப் புவித்தட்டும் வருடத்துக்கு ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர் விலகிக்கொண்டிருப்பதும் அங்கேதான், நிலம் பிளந்து கிடப்பதைக் கண்ணால் பார்க்கலாம். கேசிர் பகுதியில் ஸ்ட்ரொக்கூர் என்ற வெந்நீர் ஊற்று சில நிமிடங்களுக்கு ஒரு தடவை மேலே பீறிடும், அதிகம் நடக்கத் தேவையில்லை. அப்புறம் கிழக்கே போனால் ஸ்கோகாஃபொஸ் அருவி, 60 மீற்றர் உயரம். அடிவாரம் வரைக்கும் சமதரைதான், பக்கத்தில் ஏறும் படிகளைப் பிள்ளைகளுக்கு விட்டுவிடுங்கள். கடைசியாக யோக்குல்சார்லோன். பனியாற்றில் இருந்து உடைந்த கட்டிகள் மிதக்கும் ஏரி அது, கார் தரிப்பிடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தலைநகரில் இருந்து 370 கிலோமீற்றருக்கு மேல் என்பதால் அன்றே திரும்ப நினைக்காமல் அந்தப் பக்கம் இரண்டு இரவு தங்குங்கள். ஜூனில் இரவு இருட்டாது. வெளிச்சம் இருக்கிறதே என்று இரவு பதினொரு மணிக்கும் ஓடச் சொல்லும் ஆசை மருமகனுக்கு வரும், மறித்துவிடுங்கள்.

வீக் ஊருக்குப் பக்கத்தில் ரெய்னிஸ்ஃபியாரா என்ற கறுப்பு மணல் கரை. இதை மட்டும் தயவுசெய்து கவனமாக வாசியுங்கள். எங்கள் காரைநகர் கசூரினாக் கடற்கரையில் நெடுந்தூரம் உள்ளே நடந்தாலும் தண்ணீர் இடுப்பளவுதான், அந்தப் பழக்கத்தில் அங்கே கால் நனைக்கப் போகக்கூடாது. சிறிய அலைகளுக்கு நடுவே சொல்லாமல் ஒரு பெரிய அலை வந்து ஆளை இழுத்துவிடும். உயிர்கள் போயிருக்கின்றன. கடலுக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்கவே வேண்டாம்.

காற்றும் அப்படித்தான். கார்க் கதவைத் திறக்கும்போது இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும், காற்று பிடுங்கி மடக்கிவிட்டால் வாடகைக் காரின் சாதாரணக் காப்புறுதி பெரும்பாலும் அதற்குப் பணம் தராது. எஃப் என்ற எழுத்தோடு தொடங்கும் மலைநாட்டு வீதிகளுக்கு நாலு சக்கர இழுவை வாகனம்தான் வேண்டும், ஜூனில் பல இன்னும் திறந்திருக்காது.

விசா: ஐஸ்லாந்தும் நோர்வேயும் ஷெங்கன் நாடுகள், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள். கூடுதல் நாள் நோர்வேயில் என்றால் நோர்வே விசாவுக்கே விண்ணப்பித்து, ஐஸ்லாந்துப் பயணத்தையும் அதிலேயே காட்டுங்கள். ஒஸ்லோவில் இருந்து நேரே ஐஸ்லாந்தின் கெஃப்லாவிக் விமான நிலையத்துக்குப் போங்கள். ரிக்கற் மலிவு என்று லண்டன் வழியாகப் போனால் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகிவிடும், ஒருமுறை நுழையும் விசாவில் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். மருத்துவக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு.

கேள்வி: டிசம்பரில் லண்டனில் அண்ணாவிடம் போகிறேன். அந்த விசாவில் ஐஸ்லாந்து போய் வடதுருவ ஒளியையும் எரிமலையையும் பார்க்கலாமா?
(ஒரு மாணவர், திருநெல்வேலி)

பதில்: முடியாது தம்பி. பிரித்தானிய விசா அங்கே செல்லாது, ஷெங்கன் விசா தனியாக வேண்டும். எடுத்தாலும் டிசம்பரில் பகல் வெளிச்சம் நாலைந்து மணித்தியாலம்தான், வீதியெல்லாம் பனி. அந்த ஒளிக்கு இருட்டும் முகில் இல்லாத வானமும் வேண்டும், செப்டெம்பர் கடைசியோ மார்ச்சோ இரண்டும் கிடைக்கலாம், பகலிலும் ஊர் பார்க்கலாம். டிசம்பர்தான் என்றால் கார் ஓடாமல் ரெய்க்யாவிக்கில் தங்கி, இரவில் கூட்டிப்போகும் பஸ்ஸில் போங்கள்.

எரிமலையை நாள் குறித்துப் பார்க்க முடியாது. 2010இல் ஏயாஃபியாட்லயோக்குல் எரிமலை பனிக்குக் கீழே வெடித்ததால் உருகிய நீரும் எரிமலைக் குழம்பும் மோதிச் சாம்பல் கிளம்பி ஐரோப்பிய விமானங்களையே நிறுத்தியது. 2021இல் இருந்து ரெய்க்யானெஸ் குடாநாட்டுப் பக்கம் வெடித்தவை நிலப்பிளவில் குழம்பு வழிந்தவை, சாம்பல் குறைவு, கெஃப்லாவிக் விமான நிலையம் பெரும்பாலும் இயங்கியது. ஆனால் 2023 நவம்பரில் கிரிண்டாவிக் ஊர்ச் சனம் முழுவதும் ஒரே இரவில் வெளிக்கிட்டது, 2024 ஜனவரியில் அங்கே சில வீடுகளைக் குழம்பு எரித்தது. வீட்டைப் பூட்டிக்கொண்டு இரவில் வெளிக்கிடுவது என்ன என்று யாழ்ப்பாணத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதிகாரிகள் போக வேண்டாம் என்ற இடத்துக்குப் போகாதீர்கள், நச்சு வாயுவும் இருக்கும்.

கேள்வி: சாப்பாடு?
(ஒரு வாசகர், சாவகச்சேரி)

பதில்: உணவகங்கள் மிகவும் விலை. சமையலறை உள்ள தங்குமிடம் எடுத்து, போனுஸ் சுப்பர்மார்க்கெட்டில் அரிசியும் மரக்கறியும் வாங்குங்கள். மிளகாய்த்தூளைக் கையோடு கொண்டுபோங்கள், பச்சை இறைச்சி கொண்டுபோக விடமாட்டார்கள். குழாயில் வரும் குளிர்ந்த நீரைப் பயமில்லாமல் குடிக்கலாம், போத்தலுக்குக் காசு கொடுக்காதீர்கள். மச்சம் சாப்பிடுபவர் என்றால் ஹார்த்ஃபிஸ்கூர் என்று காற்றில் காயவிட்ட மீன் இருக்கிறது. எங்கள் கருவாடு அளவுக்கு உப்பு இல்லை, வெண்ணெய் பூசிச் சாப்பிடுவார்கள்.