மகள் வாசிக்கும் நாவல்களில் எல்லாம் சாவும் பொய்யும். தடுக்கவா, விடவா?

கேள்வி: கொழும்பில் இருக்கிறோம். மகள் தரம் 10. என் அம்மா சென்ற வருடம் புற்றுநோயில் தவறிவிட்டார். அதற்குப் பிறகு மகள் ஆங்கில இளையோர் நாவல்களைத்தான் தேடித் தேடி வாசிக்கிறாள். எல்லாவற்றிலும் யாரோ சாகிறார்கள், யாரோ எதையோ மறைக்கிறார்கள். இது நல்லதா? வேறு புத்தகங்கள் சொல்ல முடியுமா? (அம்மாவின் வருத்தம் முற்றிவிட்டது என்பதைத் தவணைப் பரீட்சை காரணமாக அவளுக்குக் கடைசிவரை சொல்லவில்லை.)

பதில்:

தடுக்காதீர்கள். வேறு புத்தகம் கொடுத்து மடக்கவும் பார்க்காதீர்கள். நீங்கள் அடைப்புக்குறிக்குள் போகிற போக்கில் எழுதிய அந்தக் கடைசி வரிதான் எனக்கு முழுக் கேள்வியாகத் தெரிகிறது. உங்கள் மகள் சாவைப் பற்றி வாசிக்கிறாள் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். தன்னிடம் மறைக்கப்பட்டதைப் பற்றித்தான் அவள் வாசிக்கிறாள் என்று எனக்குப் படுகிறது.

நான் வெள்ளவத்தையில் ஓ லெவல், ஏ லெவல் பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கியம் ரியூசன் கொடுப்பவள். பாடப்புத்தகத்துக்கு அடியில் இவர்கள் என்ன வைத்து வாசிக்கிறார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதில் பாதி நீங்கள் சொல்கிற வகைதான். வீட்டில் சாவே நடக்காத பிள்ளைகளும் இதைத்தான் வாசிக்கிறார்கள், ஆகவே அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டியதில்லை. 14, 15 வயது என்பது பெரியவர்கள் சொல்கிற கதையில் ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வயது. அந்த வயதுக்காரருக்காக எழுதுகிறவர்கள் அந்த ஓட்டைக்குள்ளேதான் கையை விடுவார்கள்.

நம் வீடுகளில் மறைக்கும் முறையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கனடாவிலிருந்து கோல் வந்தால் ஒருவர் எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவார். பிள்ளை கேட்டால் ‘ஒண்டுமில்லை, சும்மா காய்ச்சல்’. பிறகு பிள்ளைக்கு விளங்கக்கூடாது என்று சிங்களத்தில் கதைப்பார்கள். கொழும்பில் வளர்ந்த பிள்ளைக்கு நம்மைவிடச் சிங்களம் நன்றாகத் தெரியும் என்பது அந்த நேரத்தில் எல்லாருக்கும் மறந்துவிடும்! பேப்பரில் மரண அறிவித்தல் வந்த பக்கத்தை மட்டும் மடித்து எங்கேயோ வைத்துவிடுவார்கள். பிள்ளைக்கு வேண்டிய அளவு தெரிந்துவிடும். ஆனால் தனக்குத் தெரியும் என்பதை அவளும் மறைக்க வேண்டிவரும். அப்போது அந்த வீட்டில் இரண்டு ரகசியங்கள்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. ஏ லெவல் எழுதிக்கொண்டிருந்தபோது யாழ்ப்பாணத்தில் அப்பப்பா போய்விட்டார். கடைசிப் பேப்பர் முடிந்த பிறகுதான் சொன்னார்கள். செத்தவீட்டைக் காணாமல் நேரே 31ஆம் நாள் கிரியையான அந்தியேட்டிக்குப் போய் நின்ற ஆள் நான். சொல்லாமல் விட்டது அன்பினால்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் என்னைவிட நாலு வயது இளையவனான சித்தப்பாவின் மகனுக்குக்கூட அது தெரிந்திருந்தது என்று அறிந்தபோது வந்த கோபம், துக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. நல்ல இளையோர் நாவல் ஒன்று இந்தக் கோபத்தை வெட்கப்படாமல் எழுதிக்காட்டும். ‘செத்தவரை நினைத்து அழாமல் சொல்லாதவரை நினைத்துக் கோபப்படுகிறேனே, நான் என்ன பிள்ளை’ என்று குழம்பிக்கொண்டிருக்கிற ஒருத்திக்கு அது பெரிய ஆறுதல்.

சரி, புத்தகங்களுக்கு வருவோம். ஒன்றே ஒன்றுதான் கொடுக்கலாம் என்றால் நான் பற்றிக் நெஸ் எழுதிய ‘எ மான்ஸ்டர் கால்ஸ்’ கொடுப்பேன். 2011இல் வந்தது. இதன் மூலக் கரு ஷிவோன் டவுட் என்ற எழுத்தாளருடையது. அவர் புற்றுநோயோடு இருந்த காலத்தில் யோசித்த கதை. 2007இல் அவர் இறந்துவிட, நெஸ் அதை எடுத்துத் தன் வழியில் எழுதி முடித்தார். ஜிம் கேயின் கறுப்பு வெள்ளைச் சித்திரங்களோடு வந்த அந்தப் புத்தகத்துக்கு, 2012இல் பிரித்தானியாவின் கார்னகி பதக்கம் எழுத்துக்கும் கேட் கிரீன்அவே பதக்கம் சித்திரத்துக்கும் கிடைத்தன.

கதை இதுதான். கொனர் என்ற 13 வயதுப் பையனின் அம்மாவுக்குப் புற்றுநோய். அடுத்த மருந்து சரிவரும், அதற்கடுத்தது சரிவரும் என்றே அவனுக்குச் சொல்லப்படுகிறது. இரவில் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் யூ (yew) என்ற ஊசியிலை மரம் ஒரு பூதமாக எழும்பி வந்து, மூன்று கதை சொல்வேன், நாலாவது கதையை நீ சொல்ல வேண்டும், அது உண்மையாக இருக்க வேண்டும் என்கிறது. அந்த நாலாவது என்ன என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. பொய் சொல்கிறவர்கள் பெரியவர்கள் மட்டும் என்று நினைத்துக்கொண்டு போகிற வாசகரை அது திடீரென்று நிறுத்திவிடும் என்று மட்டும் சொல்கிறேன். அம்மாவுக்குக் கடைசியாகக் கொடுக்கிற மருந்தும் யூ மரத்திலிருந்து செய்ததுதான். இது கற்பனை இல்லை. பாக்லிடாக்செல் என்ற புற்றுநோய் மருந்து முதன்முதலில் பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்துதான் எடுக்கப்பட்டது. உங்கள் அம்மாவுக்கு என்ன மருந்து கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் மகள் வாசித்துவிட்டு வந்து அதைக் கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள்.

உங்கள் மகள் ஏற்கெனவே வாசித்திருக்கக்கூடியது ஈ. லொக்கார்ட்டின் ‘வி வேர் லையர்ஸ்’. 2014இல் வந்து, டிக்டொக்கில் பிள்ளைகள் அழுதுகொண்டே வீடியோ போட்டதால் சில வருடம் கழித்து மறுபடி விற்கத் தொடங்கிய புத்தகம். சொந்தத் தீவு வைத்திருக்கிற அமெரிக்கப் பணக்காரக் குடும்பம். ஒரு கோடைகாலத்தில் நடந்த விபத்துக்குப் பிறகு பேத்திக்கு ஞாபகம் போய்விடுகிறது, என்ன நடந்தது என்று வீட்டில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. தீவையும் பங்களாக்களையும் எடுத்துவிட்டால் சொத்துக்கு அடிபடுகிற சகோதரிகளும், மானம் போகக்கூடாது என்று வாயை மூடிக்கொள்கிற வீடும்தான் மிச்சம். நமக்குப் புதிதா அது? எழுத்து எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, வரிக்கு வரி உடைத்து அழவைக்கப் பார்க்கிறது. என் மாணவிகள் இதற்காக என்னோடு சண்டை பிடிப்பார்கள், சரி இருக்கட்டும். முடிவை மட்டும் யாரும் முன்கூட்டியே சொல்லிவிடக்கூடாது.

ஜோன் கிரீனின் ‘லுக்கிங் ஃபார் அலாஸ்கா’வையும் இந்த வரிசையில் சொல்வார்கள். 2005இல் வந்தது. விடுதிப் பாடசாலை, ஒரு மரணம். அதற்கு முன், அதற்குப் பின் என்று புத்தகமே இரண்டாகப் பிளந்து கிடக்கும். பின்பாதியில் நண்பர்கள் அந்தச் சாவு எப்படி நடந்தது என்று துப்புத் துலக்கித் திரிகிறார்கள், முழு விடை கிடைப்பதில்லை. அந்த விடையில்லாமை எனக்குப் பிடித்த இடம். ஆனால் குடி, சிகரெட், உடலுறவு எல்லாம் வெளிப்படையாக இருக்கும். 2015இல் அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிட்ட, அதிக எதிர்ப்புக்குள்ளான நூல்களின் பட்டியலில் இது முதலிடம். தரம் 10 பிள்ளைக்கு வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், நீங்கள் முதலில் வாசித்துவிட்டு முடிவெடுங்கள்.

அப்புறம், நம் ஊர்க் கதை. ஷியாம் செல்வதுரையின் ‘ஸ்விம்மிங் இன் த மொன்சூன் சீ’. இதுவும் 2005இல்தான் வந்தது. 1980ஆம் ஆண்டுக் கொழும்பு, அம்ரித் என்ற 14 வயதுப் பையன். பெற்றோர் இல்லை, அன்பான வேறொரு குடும்பம் வளர்க்கிறது. இறந்துபோன அம்மாவைப் பற்றி அவன் வாயே திறப்பதில்லை. கனடாவிலிருந்து ஒரு மச்சான் வந்து இறங்குகிறான். பாடசாலையில் ‘ஒதெல்லோ’ நாடகத்துக்கு ஒத்திகை நடக்கிறது, பொறாமை நாடகத்திலிருந்து வீட்டுக்குள்ளும் வருகிறது. அந்த மச்சான்மேல் அவனுக்கு வருகிற ஈர்ப்பும் கதையின் நடுவே இருக்கிறது, அதையும் தெரிந்துகொண்டு கொடுங்கள். இழப்பைப் பற்றி ஒரு பிள்ளை கதைக்காமல் இருந்தால் அது உள்ளே என்னவாக மாறும் என்பதை இவ்வளவு அமைதியாகச் சொன்ன கதையை நான் அதிகம் வாசித்ததில்லை. அதோடு காலி வீதியும் கடலும் மழையும் தெரிந்த பிள்ளைக்கு, பனியும் ஹைஸ்கூல் லொக்கரும் இல்லாத ஒரு இளையோர் நாவல் கையில் கிடைப்பதே ஒரு சந்தோஷம்.

தமிழில் கேட்பீர்கள். சிறுவர் கதை இருக்கிறது, பெரியவர்களுக்கான நாவல் இருக்கிறது. இந்த வயதுக்கென்று, இந்தக் கோபத்தோடு எழுதியது எனக்கு மிகக் குறைவாகத்தான் அகப்பட்டிருக்கிறது. அதனால்தான் பிள்ளைகள் ஆங்கிலத்துக்குப் போகிறார்கள் என்று நினைக்கிறேன். பரீட்சைக்காக ஒரு சாவை மறைத்த வீட்டின் கதையை நம்மில் யாராவது எழுதினால் வெள்ளவத்தையில் மட்டும் எத்தனை பேர் வாங்குவார்கள்!

இனி வீட்டு விஷயம். புத்தகம் கொடுப்பதற்கு முன்போ பின்போ, உங்கள் அம்மாவின் வருத்தத்தை முதலிலிருந்து கடைசிவரை அவளுக்குச் சொல்லிவிடுங்கள். எப்போது தெரிந்தது, டொக்டர் என்ன சொன்னார், அவளிடம் சொல்லவேண்டாம் என்று யார் முடிவெடுத்தது, அம்மா அவளைப் பற்றி ஏதாவது கேட்டாரா. ‘உன் நன்மைக்குத்தான்’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிடுங்கள், அதை அவள் ஏற்கெனவே ஊகித்திருப்பாள். கோபப்பட்டால் படட்டும். திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கேட்டாலும் ஒரே பதிலைச் சொல்லுங்கள், பதில் மாறுகிறதா என்றுதான் பார்ப்பாள். வருகிற திவசத்துக்கு அவளுக்கும் ஏதாவது பொறுப்புக் கொடுங்கள். போன தடவை அவளை வெளியே நிறுத்தியாகிவிட்டது.

வாசித்து முடித்ததும் ‘இதிலிருந்து என்ன விளங்கிச்சு’ என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியை ரியூசனில் நான் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் நீங்களும் அதே புத்தகத்தை வாசித்து, உங்களுக்கு எந்த ஆளைப் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். ‘எ மான்ஸ்டர் கால்ஸ்’ஸில் வருகிற அம்மம்மாவைப் பற்றி உங்கள் இருவருக்கும் நிச்சயம் கருத்து வேறுபாடு வரும்.

ஒன்றைக் கவனியுங்கள். சாப்பாடு, நித்திரை குழம்பியிருந்தால், சிநேகிதிகளை விட்டு ஒதுங்கினால், தானும் போய்விட்டால் நல்லது என்ற மாதிரிப் பேச்சு வந்தால், அது புத்தகத்தோடு தீர்கிற விஷயம் இல்லை. டொக்டரிடம் காட்டுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கும் எடுக்கலாம்.

புத்தகம் கிடைக்கும் இடம்: 2022இல் ரூபாய் விழுந்த பிறகு இறக்குமதிப் புத்தகங்களின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். மருதானைப் பக்கம் டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் உள்ள பழைய புத்தகக் கடைகளில் முதலில் பாருங்கள், ஜோன் கிரீன் அங்கே அடிக்கடி கண்ணில் படுவார். கொழும்பு பொது நூலகத்தில் மகளுக்கு அங்கத்துவம் எடுத்துக் கொடுத்தால் செலவும் குறையும். அவசரம் இல்லையென்றால் செப்டெம்பரில் பண்டாரநாயக்க மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சிவரை பொறுக்கலாம், கழிவு கிடைக்கும். செல்வதுரையின் புத்தகம் மட்டும் கடைக்குக் கடை கேட்டுத் திரியவேண்டி வரலாம். அதற்கு மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.