மடிக்கணினியில் பிரிண்ட் ஸ்கிரீன் விசையை அழுத்தினாலும் படம் எங்கும் சேமிக்கப்படவில்லை. ஸ்கிரீன்ஷாட் எடுப்பது எப்படி?

உங்கள் கணினி விண்டோஸ் என்று எடுத்துக்கொள்கிறேன். விசை பழுதாகியிருக்க வாய்ப்பு குறைவு. பிரிண்ட் ஸ்கிரீனை மட்டும் அழுத்தினால், படம் கிளிப்போர்டில், அதாவது கணினியின் தற்காலிக நினைவில், நகலாகுமே தவிரக் கோப்பாகச் சேமிக்கப்படாது. பெயிண்ட்டையோ வேர்டையோ திறந்து ஒட்டினால்தான் கண்ணில் படும். விண்டோஸ் 11-இன் அண்மைய பதிப்புகளிலோ அதே விசை, திரையைப் படமெடுக்கும் ஸ்னிப்பிங் டூல் என்ற செயலியைத் திறக்கிறது.

விண்டோஸ் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு பிரிண்ட் ஸ்கிரீனை அழுத்துங்கள். திரை ஒரு கணம் மங்கித் தெளியும். பிக்சர்ஸ் கோப்புறையில் உள்ள ஸ்கிரீன்ஷாட்ஸ் என்ற உட்கோப்புறையில் படம் வந்துவிடும். விண்டோஸ் 8 முதல் இவ்வசதி இருக்கிறது. அப்படியும் வரவில்லையென்றால் எஃப்என் (Fn) விசையையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். பல மடிக்கணினிகளில் இன்செர்ட் போன்ற வேறொரு விசையின் அடியில், வேறு நிறத்தில், பொடி எழுத்தில் பிரிண்ட் ஸ்கிரீனை அச்சிட்டு ஒதுக்கிவிடுகிறார்கள். இத்தனை பேருக்கு நாள்தோறும் தேவைப்படும் ஒரு விசைக்குத் தனி இடம் கொடுக்க மனம் வராத தயாரிப்பாளர்கள்மீது எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

திரையின் ஒரு பகுதி மட்டும் போதும் என்றால் விண்டோஸ், ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தலாம். மேக் கணினியாக இருந்தால் கமாண்ட், ஷிஃப்ட், 3 முழுத்திரையையும், 3-க்குப் பதில் 4 நாம் தேர்ந்தெடுக்கும் பகுதியையும் படமாக்கும்.

ஆனால் பணம், விண்ணப்பம் போன்றவற்றுக்காக எடுக்கிறீர்கள் என்றால், தயவுசெய்து முழுத்திரையையும் எடுங்கள். என் அக்கா மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்கு, கடைசி நாள் மாலையில், என் மடிக்கணினியில்தான் கட்டணம் கட்டினோம். வங்கிப் பக்கத்தில் பரிவர்த்தனை எண் தோன்றியதும் நான் விண்டோஸையும் பிரிண்ட் ஸ்கிரீனையும் அழுத்தினேன். அடுத்த சில நொடிகளில் அந்தப் பக்கம் தானாகவே விண்ணப்பத் தளத்துக்குத் திரும்பி, கட்டணம் செலுத்தப்படவில்லை என்று காட்டியது. கணக்கிலிருந்து பணம் போய்விட்டிருந்தது. உதவி மையத்தில் பேசியவர், "எங்களுக்குப் பணம் வரலைங்க, மறுபடியும் கட்டிடுங்க" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தப் படத்தை மின்னஞ்சலில் அனுப்பினேன். மேலே வங்கிப் பக்கத்தின் முகவரி, நடுவில் தொகையும் பரிவர்த்தனை எண்ணும், கீழே வலது மூலையில் தேதியும் நேரமும் அதில் இருந்தன. அந்த எண்ணை வைத்துத் தேடியதும் பணம் கிடைத்துவிட்டது, விண்ணப்பமும் ஏற்கப்பட்டது. பச்சை நிறத்தில் 'வெற்றி' என்றிருந்த பகுதியை மட்டும் வெட்டி எடுத்திருந்தால் அவர்கள் எதை வைத்துத் தேடியிருப்பார்கள்?

ஸ்கிரீன்ஷாட்டை யார் வேண்டுமானாலும் திருத்தலாமே, அது எப்படி ஆதாரமாகும் என்று சிலர் கேட்கக்கூடும். திருத்தலாம்தான். அந்தப் படத்தைப் பார்த்தே எங்களை நம்பிவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தங்கள் பதிவேட்டில் எந்த நேரத்தில், எந்த எண்ணைத் தேட வேண்டும் என்பதை அது காட்டிக்கொடுத்தது, அவ்வளவே. பிடிஎஃப் ஆகச் சேமிப்பதுதான் முறை என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: ரசீதுப் பக்கம் வந்தால் நானும் அதைத்தான் செய்வேன். நொடியில் மறைந்துவிடும் பக்கத்தில் அச்சு மெனுவைத் திறக்க அவகாசம் ஏது?

எடுத்த மூலப்படத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். வெளியே அனுப்பும்போது, கணக்கு எண் முதலியவற்றை அதன் நகலில் மட்டும் மறையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் புகைப்படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக இணைத்து அனுப்புங்கள். புகைப்படமாகப் போனால் அது அளவு சுருக்கப்படுவதால், பொடி எழுத்தில் உள்ள எண்களில் 3-க்கும் 8-க்கும் வேறுபாடு தெரியாமல் போய்விடுகிறது.